தூக்கத்தில் அலறும் மகன்: மாத்திரைதான் காரணமா?

மகனுக்கு அலர்ஜிக்காகக் கொடுத்துவரும் மான்டெலூகாஸ்ட் மாத்திரையை இன்று இரவு கொடுக்காதீர்கள். மான்டெலூகாஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதில்லை, ஒரே நாளில் நிறுத்தலாம். மூச்சிரைப்புக்கு எழுதிக் கொடுத்த இன்ஹேலரை மட்டும் நிறுத்தக் கூடாது. நாளைக் காலையிலேயே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் மான்டெலூகாஸ்ட்டும் லெவோசெட்ரிசினும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டு வரும் உங்கள் ஏழு வயது மகன், நடு இரவில் அலறி எழுகிறான், காரணமில்லாமல் தங்கையை அடிக்கிறான், "நான் செத்துப் போறேன்" என்கிறான். இவ்வளவையும் உங்கள் கடிதத்தில் ஈசினோபில் (அலர்ஜியில் கூடும் ஒருவகை ரத்த வெள்ளணு) அளவுக்கும் எடை ஏறாததற்கும் நடுவில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அந்த வரி மட்டும்தான் தெரிகிறது.

கோபத்தில் குழந்தைகள் இப்படிப் பேசுவது உண்டுதான். ஆனால் இந்த மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது, தூக்கமும் குணமும் மாறியிருக்கும்போது, அதைச் சின்னப் பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட முடியாது. அவனை அருகில் உட்கார வைத்து, "அப்படி ஏன்டா தோணுது?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாத்திரை டப்பா, பூச்சி மருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், மொட்டைமாடிக் கதவையும்தான். தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றாலோ, எப்படிச் சாவது என்று சொல்ல ஆரம்பித்தாலோ நாளை வரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் பேசலாம்.

மூளை கெட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தை உங்களுக்கு ஏற்றிவிட்டவை நீங்கள் பார்த்த வீடியோக்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தை நிறுத்தியதும் இது அடங்கிவிடுகிறது. சிலருக்கு நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் நீடித்ததாகப் பதிவுகள் உண்டு, அதனால் சில வாரங்கள் கவனமாகப் பாருங்கள். இதற்காக ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம்.

"பக்கவிளைவு என்றால் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலேயே தெரிந்திருக்குமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படித் தெரியும்? மாத்திரை காது மூக்கு தொண்டை மருத்துவரின் சீட்டில் இருக்கிறது. அலறலை நீங்கள் சொன்னதோ உங்கள் தெரு கிளினிக்கில். அடிதடி பள்ளி டைரியில் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு மாதத்துக்கு எழுதிய சீட்டை வைத்து மருந்துக் கடையில் ஐந்து மாதம் வாங்கியிருக்கிறீர்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கும் இந்தப் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். நான்கு மாதமாக மகன் இதைச் சாப்பிடுவதே எந்தப் பதிவிலும் இல்லை.

பதிவுகள் ஒழுங்காக இருக்கும் இடத்திலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., சென்டினல் என்ற ஏற்பாட்டின் வழியாக ஏராளமானவர்களின் காப்பீட்டு, மருத்துவப் பதிவுகளை அலசுகிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களில் மான்டெலூகாஸ்ட் எடுத்தவர்களையும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்களையும் அதில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனச்சோர்வுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் 2020 மார்ச்சில், 1998 முதல் விற்பனையில் இருந்த இந்த மருந்துக்கு, மனநிலையும் நடத்தையும் மாறலாம் என்று, மருந்தின் தகவல் தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அதே எஃப்.டி.ஏ. போட்டது. நோயாளிகளும் பெற்றோரும் மருத்துவர்களும் எழுதி அனுப்பிய அறிக்கைகள் அதற்கு முக்கியக் காரணம். கெட்ட கனவுக்காக யாரும் ஆஸ்பத்திரியில் சேர்வதில்லை, தங்கையை அடித்ததற்குக் காப்பீட்டு பில் வராது. பிள்ளைகளுக்கு வரும் பக்கவிளைவில் பல இந்த ரகம். வீட்டில் இருப்பவர்கள் எழுதினால்தான் உண்டு.

ஆகவே ஒரு தாளை எடுங்கள். மாத்திரை தொடங்கிய தேதி மருந்துக் கடை பில்லிலோ ஜிபே கணக்கிலோ இருக்கும். முதல் அலறல் எப்போது என்பதை, உங்கள் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் புலம்பியிருப்பீர்களே, அதில் தேடுங்கள். பள்ளி டைரியில் டீச்சர் எழுதிய தேதிகளையும் சேருங்கள். அப்புறம் நிறுத்திய தேதி, அதன் பிறகு ஒவ்வொரு இரவும் எப்படிப் போனது என்று ஒரு வரி. ஏழு வயதில் மருந்தே இல்லாமலும் சில பிள்ளைகள் தூக்கத்தில் அலறுவார்கள். உங்கள் மகனுக்கு வருவது அந்த வகை அலறலா, மாத்திரையின் வேலையா என்று பிரித்துக் காட்டுவது இந்தத் தேதிகள்தான். அடங்கிவிட்டது என்று, சோதித்துப் பார்ப்பதற்காக மறுபடி கொடுத்துவிடாதீர்கள்.

காலி அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் இந்தியத் திட்டத்தை காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பெற்றோரே சொல்லலாம். பல மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான மையம் இருக்கிறது. மாத்திரைதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும்.

மற்றவை: ஈசினோபில் கொஞ்சம் கூடியிருப்பது அலர்ஜி உள்ள பிள்ளைக்குச் சகஜம். நீங்கள் எழுதிய எடை அந்த வயதுக்குச் சரிதான். சத்து டானிக் வேண்டாம். இன்ஹேலர் "பழகிவிடும்" என்று பயந்து மாத்திரையையே நம்பியிருந்திருக்கிறீர்கள். இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்தும், மருத்துவர் சொன்னால் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் இருக்கின்றன. நாளை போகும்போது அட்டை, பில், அந்தத் தாள் மூன்றையும் கையில் எடுத்துப் போய், மாத்திரையை நிறுத்திவிட்டதை முதலில் சொல்லுங்கள். ஈசினோபில் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.