கேளுங்க, சொல்லுதேன்: தேன்பெட்டிக்குள் ரப்பர் ஸ்டாம்ப்

அருமனை வாசகர் ஒருவர்: மார்த்தாண்டத்தில் வாங்கிய தேன், பாட்டிலுக்குள் சீனி மாதிரி உறைந்துவிட்டது. கலப்படமா சார்?

உறைந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நம்ம ரப்பர்த் தோட்டத்துத் தேன் சீக்கிரமே உறையும். பாட்டிலை மிதமான வெந்நீரில் இறக்கி வையுங்கள், இளகிவிடும். நேரே அடுப்பில் ஏற்ற வேண்டாம். தேனீக்காரர் மகன் சொல்லுதேன், நம்பலாம்.

குலசேகரத்திலிருந்து ஒரு தாயார் (பெயர் போட வேண்டாம் என்கிறார்): பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆன் ஃப்ராங்க் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒளிஞ்சிருந்து தப்பிச்ச பிள்ளை ஒண்ணுகூட இல்லியாம்மா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

உண்டு என்று சொல்லுங்கள். யூதரான ஆன் குடும்பம் ஹிட்லரின் நாஜிகளுக்குப் பயந்து 1942 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்தது, 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டது. 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் அந்தப் பிள்ளை இறந்துபோனாள். அவள் டைரி எழுதி வைத்தாள், நமக்குத் தெரிந்தது. தப்பித்தவர்களில் பலர் எழுதவில்லை. சண்டை முடிந்ததும் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மகளுக்கு ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி கதையைச் சொல்லுங்கள். 1923-இல் பெர்லினில் பிறந்த யூதப் பையன். குடும்பம் பிரான்சில் நீஸ் நகரத்துக்கு வந்து குடியேறியது. டாக்டருக்குப் படிக்க ஆசை, யூதன் என்பதால் வழி அடைத்துவிட்டது. டைப்ரைட்டர் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். அரசாங்க ஆபீஸ் மிஷின்களும் அவன் கைக்கு வரும். தாள், முத்திரை, கையெழுத்து எல்லாம் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டான். 1942-இல் அவன் அம்மா சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்து எல்லையில் மாட்டி, ரிவ்சால்ட் முகாமுக்குப் போனார். பையன் ஒரு போலி அனுமதிச் சீட்டைத் தயார்செய்து அம்மாவை வெளியே கொண்டுவந்துவிட்டான். வயது பத்தொன்பதுதான் இருக்கும்.

அப்புறம் இரண்டு பேரும் லெ ஷாம்போன் என்ற மலையூர்ப் பக்கம் போனார்கள். அங்கே ஒரு விவசாயியின் பண்ணையில் தங்கி, வேறு பெயரில் நடமாடிக்கொண்டே, ஒளிய வந்த மற்றவர்களுக்கெல்லாம் போலி அடையாளக் காகிதம் செய்து கொடுத்தான். ஏறத்தாழ 5,000 பேருக்கு என்பார்கள். செய்கிற சாமான்களை எங்கே மறைத்தான் தெரியுமா? அந்த விவசாயியின் தேன்பெட்டிகளில்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1991-92இல் ஒரு நோய் வந்து நம் மாவட்டத்துத் தேனீக்கள் கூண்டோடு செத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புழு ஒரு சின்னப் பை மாதிரி ஊதிச் சாகும். எங்கள் வீட்டில் நாற்பது பெட்டி காலி. எனக்கு அப்போது பதினாலு வயது. ரப்பர் மரங்களுக்கு நடுவே வெறும் பெட்டிகள் காலூன்றி நின்றன. பதினேழாவது பெட்டியில் அடைச் சட்டங்களை ஓரமாகத் தள்ளி, ஒரு சினிமாப் பத்திரிகையும் ஒரு கட்டு பீடியும் வைத்தேன். காலிப் பெட்டி என்று எனக்குத் தெரியும், பார்க்கிறவனுக்குத் தெரியாதே. எவனும் கை விடமாட்டான். ஆனால் அப்பாவுக்குத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் நேரே வந்தார், மூடியைத் தூக்கினார், பீடிக்கட்டை எடுத்தார், ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் சொல்ல வருவது அந்த விவசாயியைப் பற்றி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஒளிவது என்றால் பரணில் மூச்சடக்கிக் கிடப்பது என்று நினைக்கிறோம். இந்த மலையூரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், மாடு மேய்த்தார்கள். மறைந்திருந்தது பெயர் மட்டும்தான். நம்ம ஊரில் இது நடக்குமா? திருவட்டாறு பஸ் ஸ்டாப்பில் புதுப் பையன் ஒருத்தன் இறங்கினால், டீ ஆறுவதற்குள் "யாரு மக்களே, எந்த வீட்டுக்கு வந்தே, அம்மைக்கு எந்த ஊரு?" என்று மூன்று பேர் கேட்டுவிடுவார்கள். லெ ஷாம்போனிலும் அதே மாதிரி ஊர்க்காரர்கள்தான். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யாரும் கேட்கவில்லை.

ரேஷனையும் நினைத்துப் பாருங்கள். சண்டைக் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோய், நம்ம திருவிதாங்கூரில் மரச்சீனியைத் தின்று உயிர் பிடித்ததைப் பாட்டி சொல்லுவாள். அட்டையில் பெயர் இல்லாத வாய் ஒன்று வீட்டில் கூடினால் எத்தனை நாள் சமாளிக்கலாம்? பிரான்சிலும் ரேஷன் அட்டை இல்லாவிட்டால் ரொட்டி இல்லை. அதனால்தான் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அங்கே சோறு போட்டது.

அந்த ஊரார் ஏன் இப்படி இருந்தார்கள்? பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்காரர்கள். 1685-க்குப் பிறகு கத்தோலிக்க ராஜா அவர்கள் வழிபாட்டைத் தடைசெய்ய, தலைமுறை தலைமுறையாக ஒளிந்து ஜெபம் பண்ணியவர்களின் வம்சம். மேலாடை உரிமைக்கான தோள்சீலைக் கலவரத்தின் கதையைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்கும். 1942 கோடையில், நாஜிகளோடு கைகோத்த பிரான்ஸ் அரசின் போலீஸ் பஸ்களோடு வந்து யூதர் பட்டியல் கேட்டது. போதகர் ஆந்த்ரே ட்ரோக்மே தர மறுத்தார். கடிதங்களில் "பழைய ஏற்பாடு இத்தனை பிரதி அனுப்புகிறோம்" என்று எழுதினால், அத்தனை யூதர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். சபைக்காரர்கள் இதை ரசிப்பீர்கள்.

மகளிடம் எல்லாம் சுபம் என்றும் சொல்லிவிடாதீர்கள். 1943 ஜூன் 29 அன்று நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ ஒரு மாணவர் விடுதியில் புகுந்தது. பதினெட்டு மாணவர்களோடு, விடுதியைப் பார்த்துக்கொண்ட டேனியல் ட்ரோக்மேயையும் பிடித்தார்கள். போதகரின் உறவுக்காரர், வாத்தியார். அடுத்த வருஷம் மைதானெக் முகாமில் இறந்தார். ஆஸ்கர் பிழைத்தார். விட்ட இடத்திலிருந்து படித்து டாக்டரும் ஆனார். இதைச் சொன்ன பிறகு சாப்பாடு போடுங்கள், சாப்பிடுவாள்.

தக்கலை, பிளஸ் டூ மாணவன்: ராமானுஜனை விட்டால் உங்களுக்குப் பிடித்த கணித மேதை யார் சார்?

தம்பி, இந்தக் கேள்வியை நானே எழுதி வைத்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. தானாக வந்தது. அலெக்சாண்டர் க்ரோத்தண்டீக். 1928-இல் பெர்லினில் பிறந்தவர். யூதரான அப்பா 1942-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். பையன் ஒளிந்திருந்தது மேலே சொன்ன அதே லெ ஷாம்போனில். அங்கேயே பள்ளிக்கூடம். சோதனை வருகிறது என்று தகவல் கிடைத்தால் இரண்டு மூன்று பேராகக் காட்டுக்குள் போய் ஓரிரண்டு ராத்திரி கிடப்பார்கள். 1966-இல் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. மாஸ்கோவில் விழா, போய் வாங்க மறுத்துவிட்டார்.

அவருடைய கணிதம் எனக்கு முழுசாகப் புரியாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிடித்துப்போனது வேறொரு விஷயம். லெ ஷாம்போனுக்கு முன்னால் அம்மாவோடு பிரான்சிலேயே ரியூக்ரோ முகாமில் அடைபட்டிருந்தார். அங்கே மரியா என்ற சிறைவாசிப் பெண் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்தில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தது வட்டம் என்று அவள் சொன்னதும் பையன் அசந்துபோனானாம். வட்டத்தின் உருண்டையை வார்த்தையில் பிடிக்கவே முடியாது என்று அதுவரை நினைத்திருந்தான்.

இருபத்திரண்டு வருஷமாக நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, மறு முனையில் சாக்பீஸைக் கட்டி, போர்டில் சுற்றிக் காட்டிக்கொண்டு இருக்கிறேன். ஒன்பது பி-யில் வருகிற திங்கட்கிழமை வட்டம் பாடம். பின் பெஞ்சில் நான்கு பேர் வழக்கம்போலத் தூங்குவார்கள். இந்த முறை நூலை எடுப்பதற்கு முன்னால் மரியாவைப் பற்றிச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.