கறிச்சோறு மட்டும் காரணமில்லை

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 54. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மண்டி வைத்திருக்கிறார். சுகர், பிரஷர் உண்டு. ராத்திரி 2 மணிக்கே கிளம்புவதால் பாதி நாள் மாத்திரை போடுவதில்லை. போன மாதம் பாண்டி கோவில் கெடா விருந்தில் என் தங்கை வீட்டுக்காரர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அண்டாக்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். நெஞ்சு கரிக்கிறது என்று சோடா குடித்துப் படுத்தவர், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டார். வயது 48. கறிச்சோறு ஆளைக் கொல்லுமா?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: சகோதரி, உங்கள் தங்கையை நினைத்தால் மனசு கனக்கிறது.

ஒரு வேளைச் சோறு இதயத்தின் நல்ல ரத்தக்குழாயை அடைத்துவிடாது. சுகர், பிரஷர், கொழுப்பு, புகை எல்லாம் சேர்ந்து பல வருஷமாகக் குழாயின் சுவரில் ஒரு படிவை வளர்த்திருக்கும். பாதி அடைத்திருந்தால்கூட வெளியே தெரியாது. அந்தப் படிவு கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து குழாய் மொத்தமும் அடைபடும். அதுதான் மாரடைப்பு. கிழித்துவிடுவது பல நேரம் சாதாரணக் காரியங்களாகவே இருக்கலாம்: வயிறு முட்டச் சாப்பிடுவது, கடும் கோபம், பழக்கமில்லாத பாரம். சாப்பாடும் கோபமும் முடிந்த அடுத்த இரண்டு மணி நேரம் ஆபத்து கூடுதல். அன்று அவருக்கு விருந்தும் அண்டாவும் சேர்ந்துகொண்டன.

உங்கள் வீட்டுக்காரர் விருந்துக்குப் போகட்டும். அளவாகச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் எதையும் தூக்காமல் இருக்கட்டும்.

எனக்கு அதைவிடக் கவலை, அவர் எழுந்து கிளம்பும் நேரம். தூங்கி எழுந்ததும் பிரஷர் ஏறும், ரத்தம் சுலபமாக உறையும். காலை வேளையில் மாரடைப்பு அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இவரோ தூக்கமும் குறைந்து, மாத்திரையும் போடாமல் மண்டிக்குப் போகிறார். லோடுமேன் வராத நாளில் மூச்சை அடக்கி வெங்காய மூட்டையைத் தூக்குவாரா? அப்புறம் டீயோடு ஒரு சிகரெட்டா? இரண்டும் வேண்டவே வேண்டாம். பல பிரஷர் மாத்திரைகளை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் போடலாம். அவருடையதை அப்படி மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். மண்டிக் கணக்கில் வரும் கோபத்தை அடக்கச் சொல்வது சுலபமில்லை. மகன் இருந்தால் வசூலை அவனிடம் விடச் சொல்லுங்கள்.

அந்த சோடா விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. வாயு என்று நினைத்துக் காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். நெஞ்சு நடுவில் அழுத்தம், தாடை, இடது தோள் அல்லது மேல்வயிற்றில் வலி, குப்பென்று வியர்வை என்றால் உடனே 108. சுகர்காரர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுவாங்கல், அசதி மட்டும் வரலாம். அவரையே பைக் ஓட்டிப் போக விடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில பேருக்கு அடுத்த இ.சி.ஜி.யிலோ ரத்தப் பரிசோதனையிலோதான் தெரியும்.

தங்கையின் பிள்ளைகள் 20 வயதைத் தாண்டியிருந்தால் இந்த மாதமே கொழுப்பு, சுகர், பிரஷர் பாருங்கள். அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு அதிகம்.