மௌனத்தை அளந்த ஸ்கேல்

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் 4'33" (நான்கு நிமிடம் 33 நொடி) என்ற இசைப்படைப்பு முழுக்க ஒரு சுரம்கூட வாசிக்கப்படுவதில்லை. அதன் கையெழுத்துப் பிரதியை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களாமே? வெள்ளைத் தாளைப் பாதுகாத்து என்ன பயன்?

பதில்: வெள்ளைத் தாள் இல்லை, அளந்த தாள்.

1952 ஆகஸ்ட் 29 அன்று, நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக்கில் இதை முதன்முதலில் நிகழ்த்த, பியானோ கலைஞர் டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்தார். சுரப்பலகையின் மூடியை இறக்கினார், ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார். அதில் வழக்கமான ஐந்து கோடுகள் இருந்தன, சுரங்கள்தான் இல்லை. அந்தப் பிரதி தொலைந்துபோனது. பிற்பாடு டியூடரே அதைத் திரும்ப எழுதினார். இல்லாத சுரங்களை ஞாபகப்படுத்தி எழுதினாரா என்று சிரிப்பு வரும். அவர் எழுதியது நேரத்தை.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருப்பது வேறொன்று. 1953-ல், பின்னாளில் கலைஞரான இர்வின் கிரெமெனுக்குக் கேஜ் பிறந்தநாள் பரிசாகத் தந்தது. ஐந்து கோடெல்லாம் கிடையாது, சில செங்குத்துக் கோடுகள் மட்டும். தாளில் தூரம்தான் நேரம்: ஒரு பக்கத்தின் அகலம் 7 அங்குலம், அது 56 நொடி. அதாவது அங்குலத்துக்கு 8 நொடி.

ஒருநாள் நானே 7 அங்குலக் கோடு போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அதன்மேல் பென்சிலை மெதுவாக நகர்த்தினேன். மூன்றாவது அங்குலத்தில்தான் மின்விசிறி கிறீச்சிடுவது காதில் விழுந்தது. மூன்று வருஷமாக அப்படித்தான் கத்துகிறதாம், வீட்டில் சொன்னார்கள்.

அப்புறம் வந்த அச்சுப் பதிப்பில் கோடும் போயிற்று. மூன்று பகுதிக்கும் 'வாசிக்காதே' என்ற பொருளில் ஒரே சொல், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிகழ்த்தலாம் என்றும் கேஜ் சொல்லிவிட்டார். முதலில் நொடிக்கணக்கு, கடைசியில் கணக்கே வேண்டாம். ஒலிப்பதிவைக் கேட்டு இந்த மனமாற்றத்தைப் பிடிக்க முடியுமா? தாள்களை அடுத்தடுத்து வைத்தால்தான் தெரியும்.

கேள்வி: சரி, கேஜின் காகிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?

பதில்: அதுதான் இல்லை. இசைக் கையெழுத்துப் பிரதிகள் நியூயார்க் பொது நூலகத்தில். கடிதங்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். புத்தகங்களுக்காக எழுதிய பிரதிகள் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் இருப்பது என்ன தெரியுமா? காளான் பற்றிய சேகரிப்பு! மனிதர் காளான் பைத்தியம். 1959-ல் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடிவினாவில் காளான் கேள்விகளுக்குப் பதில் சொல்லி 50 லட்சம் லீரா வென்றவர். ஆய்வாளர்கள் இந்த அலைச்சலைத் திட்டுவார்கள். எனக்கென்னவோ காளானையும் கடிதத்தையும் ஒரே பெட்டியில் அடைக்காததே நல்லது என்று படுகிறது.

டியூடர் விஷயம்தான் உறுத்துகிறது. பின்னாளில் அவர் மின்னணுக் கருவிகளைத் தானே கட்டி இசையமைத்தார். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு ஒயர் போகிறது என்று வரைந்த படம்தான் அவருக்கு இசைக்குறிப்பு. அவருடைய காகிதங்கள் லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. கருவிகள் இருப்பதோ வெஸ்லியனில், அமெரிக்காவின் மறுகரையில்.