அமோலேக்கு ஒரே விலை கிடையாது

வணக்கம். மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்கு, எத்தியோப்பியாவின் பழைய உப்புக்கட்டி நாணயமான அமோலே ஒரு வெள்ளி தாலருக்கு (அங்கே புழங்கிய ஐரோப்பிய வெள்ளிக் காசு) எத்தனை என்று தேடினால் புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுகிறது என்றீர்கள். பயப்படாதீர்கள், அது மாறத்தான் செய்யும். எத்தியோப்பியாவின் வடகிழக்கில் உள்ள தனகில் பள்ளத்தில் அஃபார் மக்கள் வெட்டியெடுத்த இடத்தில் அது மலிவாக இருந்தது. ஒட்டகத்திலும் கழுதையிலும் மேட்டுநிலத்துக்குள் போகப்போக விலை ஏறியது. 1520இல் வந்த போர்த்துகீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ அல்வாரெஸ் இதைக் குறித்திருக்கிறார். உடைந்த கட்டிக்கு மதிப்பு குறையும் என்பதால் நாணல் பட்டை சுற்றிப் பாதுகாத்தார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அதனால் பட்டியல் வேண்டாம், வரைபடம் வரையச் சொல்லுங்கள்: தனகில், பிறகு மேட்டுநில ஊர்களான மெக்கெல்லே, கோண்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஊரும் ஆண்டும் இருக்கட்டும். ரோமானியச் சிப்பாய்க்கு உப்பிலேயே சம்பளம் என்ற கதையை மட்டும் சேர்க்காதீர்கள். அதற்குப் பழைய சான்று இல்லை.