பெரியம்மா வீடு ஏன் சின்னதாகிவிட்டது?

கேள்வி: சின்ன வயதில் ஒவ்வொரு விடுமுறைக்கும் பெரியம்மாவின் பழைய வீட்டுக்குப் போவோம். மாடிப்படி ஏறிக்கொண்டே இருக்கும், கூடத்தில் ஓடினால் மூச்சு வாங்கும். 30 வருடம் கழித்துப் போன மாதம் போனேன். மொத்தமே பன்னிரண்டு படிதான்! கூடம் நான் இப்போது குடியிருக்கும் வீட்டுக் கூடத்தைவிடச் சின்னது. இத்தனை நாள் நினைவில் வைத்திருந்ததெல்லாம் பொய்யா?

பதில்: பொய்யே இல்லை. அப்போது உங்களுக்கு அந்த வீடு அவ்வளவு பெரிதாகத்தான் இருந்தது. ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 110 சென்டிமீட்டர், கதவுக் கைப்பிடி ஏறக்குறைய கண்ணுக்கு நேராக வரும், ஒரு படி ஏறவே முழங்காலை நன்றாகத் தூக்கியாக வேண்டும். இடத்தை நாம் நம் உடம்பை வைத்துத்தான் அளக்கிறோம். ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆட்களைப் படுக்கவைத்து, கண் முன் மாட்டிய திரையில் அவர்களுடைய உடம்பு தெரிய வேண்டிய இடத்தில் ஒரு பொம்மையின் உடம்பைக் காட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பொம்மையின் உடம்பே தன் உடம்பு என்ற உணர்வு வந்துவிட்டது. 30 சென்டிமீட்டர் பொம்மையாகத் தன்னை உணர்ந்தவர்களுக்குச் சுற்றியிருந்த பொருள்கள் பெரிதாகவும் தள்ளியும் தெரிந்தன. உங்கள் நினைவு பத்திரப்படுத்தி வைத்திருப்பது அந்தச் சின்ன உடம்பு எடுத்த அளவை. அதைத் திருத்தாதீர்கள்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அங்கே ஏதாவது பழைய அலமாரியைத் திறந்து பார்த்தீர்களா? வாசனை மூளைக்குப் போகிற வழியே வேறு. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற பகுதியைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும், மணம் மட்டும் அங்கே நிற்காமல் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகத் தொட்டுவிடுகிறது. மணத்தால் கிளம்பும் நினைவுகளில் நிறைய முதல் பத்து வயதுக்குள் நடந்தவை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அளவில் கிடைக்காத பழைய வீடு அந்த அலமாரிக்குள் கிடைக்கலாம், அடுத்த முறை போகும்போது திறந்து பாருங்கள்.

கேள்வி: தாத்தா வீட்டுப் பரணிலிருந்து விழுந்தது நான்தான். எனக்கு அப்போது இரண்டு வயது, காட்சி அப்படியே கண்ணில் நிற்கிறது. அக்காவோ விழுந்தது தான் என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: எனக்கு உங்கள் அக்காவைத்தான் நம்பத் தோன்றுகிறது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது எதுவும் தங்காது. பலமுறை கேட்ட கதை நம் சொந்தக் காட்சியாகவே மாறிவிடும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒரு கதையைக் கேட்ட 24 பேரில் 6 பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ நம்பி ஏற்றார்கள். அதனால் நீங்கள் பொய் சொல்வதாக ஆகாது. சரி, அக்காவுக்கு அப்போது என்ன வயது? அடிபட்ட தழும்பு யாரிடம் இருக்கிறது?

கேள்வி: அத்தையின் பழைய வீட்டை அடுத்த மாதம் இடிக்கப்போகிறார்கள். போட்டோ எடுத்தால் போதுமா?

பதில்: போட்டோ எடுங்கள், ஆனால் கேமராவைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தும் கொஞ்சம் எடுங்கள், சின்ன வயதில் நீங்கள் பார்த்த வீடு அதில்தான் வரும். போவதற்கு முன்பே நினைவிலிருந்து ஒரு வரைபடம் போட்டு வையுங்கள், நேரில் பார்த்துவிட்டால் அந்தப் பழைய படம் கலைந்துவிடும். தாழ்ப்பாள் சத்தம், படி கிறீச்சிடுவது, ஜன்னல் கதவு அடித்துக்கொள்வது, எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அத்தையை அழைத்துப்போய் அறை அறையாக நடக்கவைத்துப் பேசவிடுங்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் செல்கள் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இருப்பதை மூளை ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் 1971இல் கண்டுபிடித்தார், 2014இல் அதற்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. நடந்த சம்பவங்களை நினைவில் பதிப்பதற்கும் அதே பகுதிதான் வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் வராத பேச்சு, அந்த வாசற்படியில் நின்றால் வரும். அத்தைக்கு முழங்கால் வலி இருந்தால் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டு மூன்று தடவையாகப் போங்கள். அவர் அதிக நேரம் இருந்த அறையிலிருந்து தொடங்குங்கள்.