புதிதாகச் சேர்ந்த நர்சுகள் ஷிஃப்ட் வேலைக்குப் பழக மூத்தவர்கள் எப்படி உதவலாம்?

18 வருடமாக வார்டில் இருக்கிறேன், இப்போது இன்சார்ஜ். புதுப் பிள்ளைகளைத் தூக்கத்தைவிட அதிகமாக வாட்டுவது, "தூக்கம் வருது" என்று சொன்னால் திட்டு விழுமோ என்ற பயம்தான். முதலில் அதைப் போக்குங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்றாவது நைட். காலை ஆறு மணி இன்சுலின் எடுக்கிறேன். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு வேண்டும். கண் எரிச்சலில், மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் பத்தாம் கோடு வரை இழுத்துவிட்டேன். போட்டிருந்தால் பத்து யூனிட்டுக்குப் பதில் நான்குதான் உள்ளே போயிருக்கும். பக்கத்தில் நின்ற சீனியர் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "முகத்தைக் கழுவிட்டு வா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துப் போடலாம்" என்றார், அவ்வளவுதான்.

அதனால் என் வார்டில் இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் எதுவானாலும் இரண்டு பேர் பார்த்துத்தான் போட வேண்டும். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணி வரை உடம்புச் சூடு இறங்கிக் கண் சொருகும் நேரம். அப்போது புதியவரைத் தனியாக விடமாட்டேன்.

டூட்டி லிஸ்ட் போடும்போது மார்னிங், ஈவ்னிங், நைட் என்ற வரிசையில் போடுங்கள். நேரத்தை முன்னே இழுப்பதைவிடத் தள்ளிப்போடுவது உடம்புக்குச் சுலபம். நைட் டூட்டி முடித்து ஆஃபில் இருப்பவரை, ஆள் இல்லை என்று கூப்பிடாதீர்கள். அது அவர்கள் தூங்கி எழுவதற்கான நாள்.

முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கச் சொல்வேன். இரவு இரண்டு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், அப்புறம் பகலில் எப்படித் தூக்கம் வரும்? விடிந்ததும் கண் சொக்கினால் வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போகச் சொல்வேன்.

வீட்டிலும் பேச வேண்டும். பகலில் தூங்கினால் சோம்பேறித்தனம் என்று நினைக்கும் அம்மாக்கள் நிறைய. ஒரு பெண் தினமும் பதினொரு மணிக்கு எழுந்து சமையலுக்கு உதவிவிட்டு, இரவு டூட்டியில் தள்ளாடினாள். நானே அவள் அம்மாவுக்குப் போன் செய்து, "அவளுக்கு இதுதான்மா ராத்திரி" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மா ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டிவிட்டு, குக்கர் விசிலைக்கூட அவள் எழுந்த பிறகுதான் வைத்தாராம்.