வாடி விளக்கும் மல்டிமீற்றரும்: அம்பியரை எங்கே அளப்பது?

சம்மாந்துறையிலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "வட்டையில் யானைக் காவலுக்கு வாடி போட்டிருக்கிறோம். சிறிய சோலார் பனல், 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி, 5 வாற் (W) எல்ஈடி பல்ப் இரண்டு. மாலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு ஒரு மணிக்கெல்லாம் மங்கி விடுகிறது. பல்ப் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க, மல்டிமீற்றரை மில்லி அம்பியரில் வைத்து பற்றரியின் இரண்டு முனையிலும் தொட்டேன். 'டிக்' என்று ஒரு பொறி. இப்போது வோல்ற் காட்டுகிறது, அம்பியர் மட்டும் எப்போதும் பூச்சியம். மீற்றர் போய்விட்டதா?"

அநேகமாக இல்லை. உள்ளே இருக்கும் பியூஸ்தான் போயிருக்கும். பின்மூடியைக் கழற்றினால் சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று தெரியும். அதில் எழுதியிருக்கும் அதே அளவில் புதியது வாங்கிப் போடுங்கள். செப்புக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், அடுத்த முறை மீற்றரே கருகும்.

ஏன் போனது? வோல்ற் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. அதனால் மீற்றரைக் குறுக்கே, சமாந்தரமாக வைக்கிறோம். அப்போது அதன் உள்தடை இலட்சக்கணக்கான ஓம், ஆகவே அதனூடாகக் கரண்ட் ஓடுவதே இல்லை என்று சொல்லலாம். அம்பியர் அப்படியல்ல. வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அளக்க வாய்க்காலுக்குள்தான் இறங்க வேண்டும், கரையில் நின்று முடியாது. வழியிலேயே நிற்பதால் ஓட்டத்தைத் தடுக்கக் கூடாது என்று, அம்பியரில் மீற்றரின் தடையை மிகக் குறைவாக வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றரிக்குக் குறுக்கே வைத்தால் வயரால் ஷோர்ட் பண்ணியதற்குச் சமம். மாறாக, வோல்ற்றில் வைத்துத் தொடராக இணைத்தால் பல்ப் எரியாது, மீற்றர் மட்டும் பற்றரியின் வோல்ற்றைக் கிட்டத்தட்ட முழுதாகக் காட்டும். சேதமில்லை.

சரி, எப்படி அளப்பது? உங்கள் வாடியில் ஆளி இருந்தால் வயர் எதையும் வெட்டத் தேவையில்லை. சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, திருகியையும் அங்கே வையுங்கள். ஆளியை நிறுத்தி, அதன் மூடியைத் திறந்து, மீற்றரின் இரண்டு முனைகளையும் ஆளியின் இரண்டு திருகாணிகளில் தொடுங்கள். ஆளி நின்றிருக்க, மீற்றர் வழியாகவே பல்ப் எரியும். கழித்தல் குறி வந்தால் முனைகள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். முள் மீற்றர் என்றால் முள் பின்பக்கம் அடிக்கும், உடனே மாற்றுங்கள். மலிவு மீற்றர்களில் பெரும்பாலும் 10 அம்பியர் துளைக்குப் பியூஸே இருக்காது, பத்து விநாடிக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

இரண்டு பல்புக்கும் சேர்த்து 0.8 அம்பியர் அளவில் காட்ட வேண்டும்: இரண்டு பல்பின் 10 வாற்றை 12 வோல்ற்றால் பிரித்துப் பாருங்கள். மாலை ஆறிலிருந்து ஒரு மணி வரை ஏழு மணித்தியாலம், அம்பியரை மணியால் பெருக்கினால் ஆறு அம்பியர்-மணிக்குச் சற்றுக் குறைவு. 7 என்று எழுதிய பற்றரி 7 கொடுப்பது மெதுவாக, ஏறத்தாழ இருபது மணித்தியாலத்தில் இறக்கினால்தான். ஆகவே உங்கள் பற்றரியில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு பல்பை நிறுத்துங்கள், இல்லையேல் பெரிய பற்றரி போடுங்கள். அப்புறம் பகலில் அதை நிரப்பப் பனல் காணுமா என்றும் பார்க்க வேண்டும்.

கணக்கிட்டதை விடக் குறைவாகக் காட்டினால் வயரைச் சந்தேகியுங்கள். பல்ப் எரியும்போது பற்றரி முனையில் ஒரு தடவை, பல்ப் ஹோல்டரில் ஒரு தடவை வோல்ற் பாருங்கள். அங்கே 12.4, இங்கே 11.5 என்றால் நடுவில் எங்கோ முறுக்கிய இணைப்பு பச்சை பிடித்திருக்கிறது. சுரண்டி, இறுக்கிக் கட்டினால் போதும்.

வேலை முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ற் துளைக்குத் திருப்புங்கள். அதை அம்பியர் துளையிலேயே விட்டு, வீட்டில் யாராவது 230 வோல்ற் பிளக்கைச் சோதிக்கப் போனால், மீற்றர் கையிலேயே வெடிக்கலாம்.